உரம் வாங்கும் முன் நிழலைப் பாருங்கள்: மாடித்தோட்டத்தின் வெளிச்சக் கோளாறுகளை அறிகுறி கண்டு சரிசெய்தல்

சென்னைப் புறநகரில் வீட்டு மாடியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காய்கறி வளர்க்கிறேன். தெருவில் யாருடைய செடி சுணங்கினாலும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இன்னொரு கையில் புதிதாக வாங்கிய உரப் பாட்டில் இருக்கும். நான் முதலில் கேட்பது, "காலை பத்து மணிக்கு இந்தத் தொட்டி வெயிலில் நிற்கிறதா, நிழலில் நிற்கிறதா?" என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்த கோளாறுகளை அறிகுறிவாரியாக இங்கே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எதையும் தொடும் முன்

ஒரு விடுமுறை நாளில் காலை 8, 10, 12, மாலை 2, 4 மணிக்கு மாடிக்குப் போங்கள். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கட்டடம் ஆகியவற்றின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். மாலையில் எந்தத் தொட்டிக்கு எத்தனை மணி நேர வெயில் என்று தரையே சொல்லிவிடும். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், மல்லிகைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரை, புதினா, கொத்தமல்லி மூன்று நான்கு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும்.

கண்ணை நம்பாதீர்கள். நண்பகல் திறந்த மாடியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப்லைட் எரியும் கூடத்தில் இருநூறு முந்நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண் இரண்டுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால், "நல்ல வெளிச்சமான அறைதான்" என்று நாம் சொல்வது செடிக்கு இருட்டு. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமாக இருக்காது. ஒரு மூலையை இன்னொரு மூலையோடு ஒப்பிட அது போதும். அதுவும் இல்லையென்றால், நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் காய்கறிக்கு ஏற்ற இடம். மங்கலான ஒரு திட்டு மட்டும் விழுந்தால் கீரைக்கு ஏற்ற இடம். நிழலே விழவில்லையென்றால் அங்கே நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: நாற்று நூல்போல் நீண்டு சாய்கிறது

தண்டு வெளிறி, விதையிலைகளுக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினால் படுத்துவிடும்.

மூடியை எப்போது எடுத்தீர்கள்? விதை போட்ட குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடி வைப்பது நாற்றங்கால்காரர்களின் வழக்கம். சூடும் ஈரமும் நிலைத்து, தக்காளி ஐந்தாறு நாளில் முளைத்துவிடும். முதல் முளைகள் தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்துவிட வேண்டும். ஒருமுறை ஊருக்குப் போன நான் ஒரு நாள் தாமதமாகத் திரும்பினேன். தாளைத் தூக்கினால், 98 குழிகளிலும் வெண்மஞ்சள் நூல்கள். கொக்கிபோல் மடிந்த தலையில் விதையிலைகள் இன்னும் விரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. இருட்டில் இருக்கும் முளை, தான் இன்னும் மண்ணுக்கு அடியில் இருப்பதாகவே எண்ணி மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தலை நிமிர்வதும் இலை பச்சையாவதும் வெளிச்சம் பட்ட பிறகுதான்.

சன்னலோரத்தில் வைத்திருக்கிறீர்களா? கொசுவலையும் கறுப்புப் பூச்சுக் கண்ணாடியும் வெளிச்சத்தைப் பாதியாக்கிவிடும். தட்டை மாடிக்கு மாற்றுங்கள்; முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும் போதும்.

மாமரத்தடியிலா வைத்திருக்கிறீர்கள்? சுவர் நிழலும் மர நிழலும் செடிக்கு ஒன்றல்ல. மரத்தின் இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியைக் கீழே விடுகின்றன. அதை வைத்தே "மேலே போட்டிக்கு ஆள் இருக்கிறது" என்று நாற்று கண்டுகொண்டு தண்டை நீட்டத் தொடங்கும். ஒரு குழியில் மூன்று நான்கு முளைகள் நெருக்கி நின்றாலும் இதே கதைதான். ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூடவே வந்துவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் நிழல்வலையைப் பாருங்கள். கடைக்காரர் கையில் கிடைத்ததை வெட்டிக் கொடுத்திருப்பார். நாற்றுக்கு, வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத வலையே மேல் எல்லை. 75 சதவீத வலையில் வளர்ந்த நாற்று நெட்டையாகத்தான் வரும். பழைய வலையில் தூசியும் பாசியும் படிந்திருந்தால் 50 சதவீதமும் 70 ஆகிவிடும். கழுவிப் பாருங்கள், பிறகு புதிது வாங்கலாம்.

நீண்டுவிட்ட நாற்றை என்ன செய்வது? தக்காளியை விதையிலை வரை ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அந்தத் தாராளம் கிடையாது; விரல் அகலம் கூடுதலாகப் புதைத்துக் குச்சி கட்டுங்கள். சுரை, பூசணி, வெள்ளரி என்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மறுவிதை போடுங்கள். பத்து நாளில் புது நாற்று பழையதை முந்திவிடும்.

யாரை அழைப்பது? மாடித் தட்டுகளுக்கு யாரும் வேண்டாம். விற்பனைக்கு ஆயிரக்கணக்கில் நாற்று விடுபவராக இருந்து, அடிதண்டு நீர்கோத்து அழுகியும் விழுகிறது என்றால் அது வெளிச்சக் கோளாறல்ல, நாற்றழுகல். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் தட்டோடு போங்கள்.

அறிகுறி 2: வீட்டுக்குள் வைத்த செடி சன்னலைப் பார்த்துச் சாய்கிறது, இலை சிறுக்கிறது

சாய்வது மட்டும்தான் என்றால் அது நோயே அல்ல. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புங்கள், முடிந்தது. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புதிய இலை பழைய இலையைவிடச் சிறுத்திருந்தால் தொட்டியைச் சன்னலை ஒட்டி நகர்த்துங்கள். சன்னலிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். வெள்ளைத் தேமல் போட்ட மணி பிளாண்ட் முழுப் பச்சையாக மாறுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

துளசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடுக்ககத்துக்குக் குடிபோனவர்கள் துளசித் தொட்டியைப் பூசையறை அலமாரியில் வைத்துவிட்டு, "எங்கள் வீட்டில் துளசி தங்குவதில்லை" என்று கலங்குகிறார்கள். குற்றம் வீட்டிலும் இல்லை, பக்தியிலும் இல்லை. நம் பாட்டிமார் துளசி மாடத்தை நடுமுற்றத்தில், வெயிலில்தான் கட்டினார்கள். பால்கனிக் கம்பியோரத்தில் வைத்து அங்கேயே விளக்கேற்றுங்கள்.

அறிகுறி 3: இலை வெளுத்து, காகிதம்போல் காய்கிறது

முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேற்கு வெயில் படும் பக்கத்து இலைகள் மட்டும் திட்டுத் திட்டாக வெளுத்து, மறுபக்கம் பச்சையாக இருந்தால் வெயில் காயம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் காய்ந்தால் உப்பு நீரையோ உர மிகுதியையோ சந்தேகியுங்கள். காயில் உள்வாங்கிய வட்டங்களும் நடுவில் கறும்புள்ளிகளும் இருந்தால் பூசண நோய். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இவற்றுக்கு நிழல்வலை கட்டிப் பயனில்லை.

வெயில் காயம்தான் என்றால்:

நேற்றுதான் நர்சரியிலிருந்து வந்த செடியா? வலைக்குள் வளர்ந்த இலை மெல்லியது. ஒரே நாளில் திறந்த மாடி வெயிலை அதனால் தாங்க முடியாது. முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் என்று கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். வெளுத்த இலை மீண்டும் பச்சையாகாது. ஆனால் உடனே கிள்ளிப்போடாதீர்கள். அது கீழிலைக்குக் குடையாக இருக்கும். புதுத் துளிர் நன்றாக வந்தால் செடி பிழைத்துவிட்டது என்று பொருள்.

வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் ஏறும்போது தெளித்தீர்களா? எண்ணெய்ப் பூச்சின்மேல் உச்சி வெயில் பட்டால் இலை கருகும். மாலையில் தெளியுங்கள். இதோடு சேர்த்துப் பலர் சொல்வது, நண்பகலில் இலையில் விழுந்த நீர்த்துளி பூதக்கண்ணாடிபோல் சுடும் என்பது. வழவழப்பான இலையில் அப்படி நடப்பதில்லை. வாடும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாலை வரை காத்திருந்து அதைக் கொல்லாதீர்கள்.

தக்காளியில் இலைகளை அளவுக்கு மீறிக் கழித்தீர்களா? திடீரென்று வெயில் பட்ட காயின் தோள்பட்டையில் வெள்ளைக் கொப்புளம் விழும். அடுத்த முறை காய்க்கு மேலே இரண்டு இலைகளை விட்டு வையுங்கள்.

கடைசியாக வலை. பங்குனி முதல் ஆனி வரை 35 முதல் 50 சதவீத வலை போதும். மழைக்காலத்துக்கு முன் கழற்றிவிட வேண்டும். ஆண்டு முழுவதும் பச்சை வலையைத் தலைக்குமேல் கட்டி வைத்துவிட்டு, கார்த்திகையில் "காய்க்கவே இல்லை" என்று வருபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதுண்டு. கயிற்றில் கட்டும் வலைக்கு உங்கள் கை போதும். இரும்புக் குழாய் நட்டு நிரந்தரப் பந்தல் போட நினைத்தால், தளத்தில் துளையிடும் முன் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். காற்றடித்தால் வலை பாய்மரமாகிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயலன்று என் பந்தல் இரண்டு வீடு தள்ளிப் போய் விழுந்தது. யார் தலையிலும் விழாதது என் நல்ல நேரம்.

அறிகுறி 4: செழித்து வளர்கிறது, பூ மட்டும் இல்லை

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். பூக்கவில்லை என்றதும், தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன் வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

பூக்கும் வயது வந்துவிட்டதா? உரம் மிஞ்சிவிட்டதா? இலை கரும்பச்சையாக, கை அகலத்தில், தண்டு நீர்ப்பாக இருந்தால் தழைச்சத்து மிகுதி. யூரியா, மீன் அமிலம், தொழுஉரம் எல்லாவற்றையும் மூன்று வாரம் நிறுத்துங்கள்.

வெயில் போதுமா? சாக்பீஸ் கோடு நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகக் காட்டினால் மேலே படிக்க வேண்டாம், தொட்டியை நகர்த்துங்கள். மல்லிகைக்கு இதோடு இன்னொன்றும் உண்டு. நவம்பர் கடைசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாத செடி, வெயிலில் நின்றாலும் பங்குனியில் நான்கு மொட்டுதான் கொடுக்கும்.

பூ வந்து உதிர்கிறதா, வரவே இல்லையா? தக்காளியில் சித்திரை, வைகாசியில் பூ உதிர்வது சூட்டால், குறிப்பாக இரவுப் புழுக்கத்தால். அதற்கு வெளிச்சத்தின்மேல் பழி போடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது இரண்டு கிளைகள்.

4அ: பருவம் தப்பிய விதைப்பு. என் முதல் ஆண்டில் கிராமத்திலிருந்து வந்த கொடி அவரை விதையைத் தை மாதம் ஊன்றினேன். சித்திரையில் கொடி பந்தலை மூடியது. ஆனியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டது. ஒரு பூ இல்லை. போட்ட உரத்துக்கும் பேசிய பேச்சுக்கும் அளவில்லை. ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை போய்ப் பார்த்தால், எந்த உரமும் போடாமலேயே கொடி முழுக்க ஊதாப் பூங்கொத்துகள்.

பழைய கொடி அவரை ரகங்கள் இரவு நீண்டால்தான் பூக்கும். சென்னையில் சூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். நமக்குப் பெரிதாகத் தெரியாது, அவரைக்கு அது போதும். ஆடியில் ஊன்றினால் வளர நாலு மாதம், பிறகு பூக்க ஏற்ற நீண்ட இரவு. ஆடிப்பட்டம் தேடி விதை என்றவர்கள் கடிகாரம் இல்லாமலே இதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சம்பா நெல்லின் பழைய ரகங்களும் இதே சுபாவம் கொண்டவை.

சரிசெய்ய: தையில் ஊன்றிய கொடி அவரை பூக்கவில்லையென்றால் பிடுங்காதீர்கள், உரமும் போடாதீர்கள். ஆடியில் பாதியாக வெட்டிவிட்டுக் காத்திருங்கள். ஆண்டு முழுவதும் அவரை வேண்டுமென்றால் பருவம் பார்க்காத குத்து அவரை ரகங்களை வாங்குங்கள். விதைப் பொட்டலத்தில் "எல்லாப் பருவத்துக்கும்" என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

4ஆ: இரவில் வெளிச்சம். செவ்வந்தியில் இதை அடிக்கடி பார்க்கலாம். எதிர்வீட்டு அம்மாள் ஐந்து தொட்டிச் செவ்வந்தி வைத்திருந்தார். மூன்றில் மொட்டு நிறைந்திருந்தது. தெருவிளக்கைப் பார்த்த இரண்டில் இலை மட்டுமே. ஒரே பதியன், ஒரே மண், ஒரே தண்ணீர். பழைய விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்ட ஆண்டு அது. இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தொட்டியருகே செய்தித்தாளை விரித்தேன். தலைப்பை மட்டுமல்ல, செய்தியையும் படிக்க முடிந்தது.

அதுதான் சோதனை. படிக்க முடிந்தால் சந்தேகப்பட இடமுண்டு. செவ்வந்தி கணக்குப் பார்ப்பது உண்மையில் பகலை அல்ல, இடையறாத இருட்டை. இதை 1938-இல் அமெரிக்காவில் ஹாம்னர், பானர் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் காட்டியது நம்மூர்த் தரிசுகளிலும் ஒட்டுமுள் காயோடு நிற்கும் மருளூமத்தைச் செடியை வைத்துத்தான்: நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டினாலே அது பூக்காமல் நின்றுவிட்டது. பசுமைக்குடிலில் கொய்மலர்ச் செவ்வந்தி வளர்ப்பவர்கள் தண்டு நீள்வதற்காக வேண்டுமென்றே இரவில் பல்பு எரிக்கிறார்கள். உங்கள் மொட்டை மாடி விளக்கும் அதே வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது.

சரிசெய்ய, செலவு ஏறும் வரிசையில்: மாடி விளக்கை அணையுங்கள். தெருவிளக்கு என்றால் தொட்டியைச் சுவருக்குப் பின்னால் நகர்த்துங்கள். நகர்த்த முடியாத தொட்டிக்கு மாலை ஆறு மணிக்குக் கனமான கறுப்புத் துணியைக் குச்சிகளின்மேல் போர்த்தி, காலை ஏழுக்கு எடுத்துவிடுங்கள். ஒரு நாளும் தவறாமல் செய்தால் மூன்று நான்கு வாரத்தில் மொட்டு தெரியும். எதிர்வீட்டு அம்மாளின் இரண்டு தொட்டிகளும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்திய அதே மாதத்தில் மொட்டு விட்டன. விளக்குக்கு மறைப்புத் தகடு வேண்டுமென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கம்பத்தில் நீங்களே ஏறி எதையும் கட்டாதீர்கள்.

டிராகன் பழம் வைத்திருந்தால் மட்டும் இந்தப் பத்தியைத் தலைகீழாகப் படியுங்கள். அது நீண்ட பகலில் பூப்பது. வியட்நாமின் பின் துவான் பகுதியில் பருவமில்லாத மாதங்களில் காய்க்க வைப்பதற்காகவே தோட்டம் முழுக்க இரவு விளக்கு எரிக்கிறார்கள்.

யாரை அழைப்பது? வெயில், பருவம், இருட்டு மூன்றும் சரியாக இருந்தும் ஒரு முழுப் பருவம் பூக்காத மரப்பயிர் என்றால் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் படத்தோடும் இலையோடும் போங்கள். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.

அறிகுறி 5: புரட்டாசி வரை காய்த்தது, மார்கழியில் நின்றுவிட்டது

செடி மாறவில்லை, சூரியன் மாறிவிட்டது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே இருக்கும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். மூன்றடித் தெற்குக் கைப்பிடிச் சுவர், மார்கழி நண்பகலில் ஏறத்தாழ இரண்டே கால் அடிக்கு நிழல் தரும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். சுவரோரம் அழகாக அடுக்கிய குரோ பேக்குகள் நாள் முழுக்கக் குளிர்ந்து கிடப்பது இதனால்தான்.

செலவில்லாத வழி, வரிசையை மூன்றடி வடக்கே தள்ளுவது. அடுத்தது, செங்கல் அடுக்கித் தொட்டிகளை உயர்த்துவது. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். தெற்கே புதிதாக மாடி எழும்பிவிட்டால், ஒவ்வொரு பத்தடி உயரத்துக்கும் மார்கழி நண்பகலில் ஏழரை அடி நிழல் என்று கணக்கிடுங்கள். அது உங்கள் தோட்டத்தைத் தாண்டிவிட்டால் குளிர்காலத்துக்குக் கீரையோடு சமரசம் செய்துகொள்வதே வழி. பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டுக் காய் காய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அறிகுறி 6: விளக்கு வாங்கியும் தேறவில்லை

உயரத்தைப் பாருங்கள். மேற்கூரை உயரத்தில் தொங்கும் விளக்கு உங்களுக்குத்தான் பயன்படும். சாதாரண வெள்ளை எல்இடி டியூப்பை நாற்றின் தலைக்கு மேல் அரையடியில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர உயர்த்துங்கள். ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த விளக்கு நாற்றுக்குக் கட்டாயம் இல்லை; அந்த நிறத்தில் இலைப்புள்ளி எது, நிழல் எது என்று நமக்கே தெரியாது.

எவ்வளவு நேரம் எரிகிறது? 14 முதல் 16 மணி நேரம் போதும். அணைக்காமல் எரித்தால் தக்காளி இலை மஞ்சள் பூத்துக் காயும். விளக்கைப் போட மறப்பவர், அணைக்க மறப்பவர் இருவருக்கும் டைமர் ஒன்றே மருந்து.

முளைக்கவே இல்லையா? லெட்யூஸ், பெட்டூனியா போன்ற நுண்விதைகளை மண்ணுக்குள் புதைத்திருப்பீர்கள். அவை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஈர மண்ணின்மேல் தூவி விரலால் அழுத்திவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் காய் எதிர்பார்த்து ஏமாந்தீர்கள் என்றால், வீட்டு விளக்கால் நாற்றும் கீரையும் வரும். தக்காளி காய்க்கும் அளவு விளக்குப் போட்டால் மின் கட்டணம் தக்காளியைவிட விலை ஏறிவிடும்.

நீட்டிப்பு வயரை ஈரத்தரையில் ஓட்டாதீர்கள். டியூப்பின் உலோகப் பட்டியைத் தொடும்போது விரலில் சுள்ளென்று இழுத்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இணைப்பும் மின்கசிவு தடுப்பானும் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். அவர் வர இரண்டு நாளானாலும் பரவாயில்லை. அதுவரை தட்டைப் பால்கனியில் வையுங்கள்.